பின்னால் இருப்பவர்

உம்மாவை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கண்டிக்குக் கூட்டிச் சென்று முழங்கால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வரக்காப்பொலயிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர். வழமையாக அயல் வீட்டாரின் வேனில்தான் பயணம். ஒரு முறை வேன் கிடைக்கவில்லை. "எனத்துக்கு மாமா வேன்? நான் கூட்டிட்டுப் போறன்" என்று தங்கையின் மகன் முன்வந்தான். உம்மாவின் முகம் மலர்ந்தது. பேரனின் காரில் போவதென்றால் சும்மாவா?

அது சாதாரண கார் அல்ல. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன். பல வருடச் சம்பளத்தைச் சேர்த்து, கடனும் பட்டு வாங்கியது. வருடத்தில் இரண்டு மூன்று நாட்கள் அதைக் கட்டுகுருந்த விமான ஓடுபாதைக்குக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் ஓட்டுவான். மற்ற நாட்களில் அதே காரில்தான் கொழும்புக்கு வேலைக்குப் போய் வருவான். அந்த இரண்டு மூன்று நாட்களுக்காக அதன் சஸ்பென்ஷனை முழுவதும் கழற்றி, பந்தயத் தடத்துக்கென்று செய்த கடினமான ஸ்பிரிங்குகளையும் ஷொக் எப்சோபர்களையும் பூட்டியிருந்தான்.

முன் ஆசனத்தில் நான். பின்னால் உம்மாவும் தங்கையும். நெலுந்தெனிய, கலிகமுவ, கேகாலை, மாவனல்லை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவுகளில் அந்தக் கார் சாயவே இல்லை. இந்த வளைவுகளில் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அது ஒரு புதுச் சுகம். பின்னாலிருந்து உம்மா ஸலவாத்து ஓதும் சத்தம் கேட்டது. பயணத்தில் திக்ரு செய்துகொண்டு வருகிறார் என்று உள்ளம் குளிர்ந்தேன்.

வீடு திரும்பிய உம்மா மூன்று நாட்கள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. தங்கைதான் விசயத்தைச் சொன்னாள். கேகாலை தாண்டியதிலிருந்து முன் ஆசனத்தின் முதுகை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடியே உம்மா வந்திருக்கிறார். வீதியின் ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகெலும்பில் வந்து இறங்கும்போதெல்லாம் எழுந்ததுதான் அந்த ஸலவாத்து. "நோகுதா உம்மா?" என்று தங்கை காதோடு கேட்டதற்கு, "சத்தம் போடாத, புள்ளட மனசு நோகும்" என்றாராம். வைத்தியரின் வாசலில் இறங்கியபோது பேரன், "எப்பிடி உம்மும்மா நம்மட கார்?" என்று கேட்டான். "நல்லாத்தான் ஈக்கி மகன்" என்று அவர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

அந்தப் பதிலையும், அந்த ஸலவாத்தையும், முன் ஆசனத்தில் நான் அனுபவித்த சுகத்தையும் ஒன்றாக வைத்துச் சிந்தித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில், அந்தக் காரில் உண்மையில் என்னதான் மாறியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சஸ்பென்ஷனில் பிரதானமானவை இரண்டு. ஒன்று ஸ்பிரிங், மற்றது ஷொக் எப்சோபர். ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கிறது. ஷொக் எப்சோபர் அந்த விட்டுக்கொடுப்பை ஓர் அளவோடு நிறுத்துகிறது. சாதாரண குடும்பக் கார் ஒன்று பள்ளத்தைக் கடந்தால் அதன் உடல் செக்கனுக்கு ஒரு தடவை, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறி இறங்கும்படி ஸ்பிரிங்கை அமைக்கிறார்கள். பந்தயத் தடத்துக்காகக் கடினமாக்கிய வீதிக் காரில் அது இரண்டு, இரண்டரை தடவையாகிறது. அசல் பந்தயக் கார்களில் அதற்கும் மேல். கடினமாக்குவதில் இலாபம் இல்லாமலில்லை. வளைவில் கார் சாயாது. பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தாது. டயர் நிலத்தில் பதியும் கோணம் குலையாது. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்திலேயே வண்டி திரும்பும்.

இதன் விலையை உடல் கொடுக்கிறது. இருந்துகொண்டு பயணம் செய்யும் மனிதனை, மேலும் கீழுமான அசைவுகளில் செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையிலான அதிர்வே மிகவும் வருத்துகிறது என்பது ஆய்ந்தறியப்பட்ட விடயம். மென்மையான ஸ்பிரிங் அந்த அதிர்வின் பெரும்பகுதியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. கடினமான ஸ்பிரிங் அதனை ஆசனத்துக்குக் கடத்திவிடுகிறது.

அத்தகைய காரோடு தினமும் வாழ்வது ஒரு தனி ஒழுக்கம். வேகத்தடைகளில் நேராக ஏற முடியாது. குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். டயர்களின் உட்புறம் முதலில் தேய்ந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வரும் இறப்பர் தோட்டத்துப் பாதையில் மழைக்குப் பின் நீர் தேங்கிய குழிகளின் ஆழத்தை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வரக்காப்பொலக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள குழிகள் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். ஹாபிழாகிவிட்டான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

உம்மா எழும்பி நடமாடத் தொடங்கிய பின்னர் நான் அவனைக் கண்டித்தேன். உம்மும்மா பட்ட பாட்டைக் கேட்டு அவன் கலங்கித்தான் போனான். ஆனாலும் தன் பக்க நியாயத்தை விடவில்லை. "சொகுசுக் கார் பொய் சொல்லும் மாமா. ரோட்டுல என்ன ஈக்கிண்டு மறைச்சிரும். இது உள்ளத உள்ளபடி சொல்லும்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "லேசான வாழ்க்க மனிசனக் கெடுக்கும் எண்டு நீங்கதானே எப்பவும் சொல்றது?" என்றான்.

சொன்னது உண்மைதான். இவ்விரண்டு வாதங்களையும் எளிதில் தள்ளிவிட முடியாது. தான் நேசிக்கும் ஒன்றுக்காகச் சுகத்தைக் கைவிடுகின்ற இளைஞனை நான் ஏளனம் செய்ய மாட்டேன். எமது மார்க்க அறிஞர்கள் அஸீமத் என்றும் ருக்ஸத் என்றும் இரண்டைப் பிரித்துப் பேசுவார்கள். கட்டளையை அதன் முழுக் கனத்தோடு நிறைவேற்றுவது அஸீமத். பிரயாணிக்கும் நோயாளிக்கும் வழங்கப்பட்ட இலகுவை எடுத்துக்கொள்வது ருக்ஸத். பயான் மேடைகளில் நாம் அதிகம் கேட்டு வளர்ந்தவை அஸீமத்தைப் பற்றிப் பிடித்தவர்களின் சரித்திரங்களே. கடினமே உண்மை, இலகு என்பது ஒருவகைத் தளர்ச்சி என்ற எண்ணம் எம்மில் ஊறிப்போயிருக்கிறது. அவன் அதனை ஸ்பிரிங்கில் செய்து காட்டினான், அவ்வளவுதான்.

கடினம் உண்மையைச் சொல்கிறது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சக்கரம் வீதியைப் பற்றிப் பிடிப்பது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான். கண்ணாடி போன்ற பந்தயத் தடத்தில் கடினமான சஸ்பென்ஷன் நிலத்தை விடாது. குழியும் ஒட்டும் நிறைந்த வீதியிலோ, விட்டுக்கொடுக்கத் தெரியாத சக்கரம் மேட்டில் பட்டுத் துள்ளி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. தடத்தில் அதிக பிடிமானத்தைத் தந்த அதே கடினம், பிழையான பாதையில் இருந்த பிடிமானத்தையும் பறித்துவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவெனில், அவனுடைய காரின் பிறப்பே கரடுமுரடான பாதைக்காகத்தான். உலக ரலி ஓட்டங்களில் பங்குபற்றும் தகுதிக்காக 1992 இல் மிட்சுபிஷி வீதிக்கு விட்ட கார் அது. 1996 இல் கென்யாவின் ஸபாரி ரலியில், கல்லும் புழுதியும் சேறுமான பாதைகளில், பின்லாந்தின் தொம்மி மக்கினன் லான்சர் எவலூஷனில்தான் வெற்றி பெற்றார். அத்தகைய ஓட்டத்துக்கு ஆயத்தமாக்கும் கார்களின் சஸ்பென்ஷன் நீண்டு சுருங்கும், வேண்டியமட்டும் விட்டுக்கொடுக்கும். அந்தப் பாதையில் விரைந்து போவது விட்டுக்கொடுக்கும் காரே. விட்டுக்கொடுப்பது பலவீனம் என்று யார் சொன்னது?

அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலில் லெஸ்பொஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் பாவித்த ஈய அளவுகோலைக் குறிப்பிடுகிறார். அது கல்லின் வளைவுக்கேற்ப வளையும். பொதுச் சட்டம் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேராகப் பொருந்தாதபோது நீதிக்குத் தேவைப்படும் நெகிழ்வுக்கு அதனை அவர் உவமையாக்கினார். இரும்புக் கோல் கல்லின் மேல் நேராக நிற்கும்; ஆனால் கல் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஈயக் கோல் வளைவதனாலேயே கல்லின் உருவத்தைச் சரியாகச் சொல்கிறது. ஆகவே "உள்ளத உள்ளபடி சொல்றது" எது என்ற கேள்விக்கு மருமகனின் விடை முழுமையானதல்ல. கடினமான கார் வீதியின் அடியைச் சொல்கிறது. வீதியின் வடிவத்தைப் பின்பற்றிச் செல்வதோ நெகிழும் சக்கரம்.

கஷ்டம் மனிதனைப் பண்படுத்தும் என்பது அவனுடைய அடுத்த வாதம். அது என்னுடையதும்தான். கிரனாடாவில் வாழ்ந்து 1388 இல் மறைந்த இமாம் ஷாத்திபி, தமது அல்-முவாஃபகாத் நூலில் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கிறார். ஒரு நற்செயலோடு இயல்பாகவே சேர்ந்து வரும் சிரமத்துக்குக் கூலி உண்டு. ஆனால் சிரமத்தையே இலக்காகத் தேடிப் போவது இறை சட்டத்தின் நோக்கமல்ல என்பது அவருடைய கருத்தின் சாரம். பந்தய நாளன்று அந்த ஸ்பிரிங்கின் வருத்தம் ஓட்டத்தோடு சேர்ந்தது. மற்ற நாட்களில், நெலுந்தெனியவில் பாண் வாங்கப் போகும்போதும் அதே வருத்தத்தைச் சுமப்பதில் எந்த ஓட்டம் இருக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகும், அவன் தனியாகப் போனால் நான் வாயை மூடிக்கொள்வேன். அவனுடைய முதுகு, அவனுடைய காசு. என்னை வருத்துவது வேறொன்று. அந்தக் காருக்குப் பின் ஆசனம் இருக்கிறது.

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஒரே அடியை ஒரே விதமாக வாங்குவதில்லை. ஓட்டுபவர் குழியை முன்கூட்டியே காண்கிறார். கையில் ஸ்டியரிங் இருக்கிறது. உடல் தன்னையறியாமலே இறுகி ஆயத்தமாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அடிக்கு அவர் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார். அது அவர் தெரிவு செய்துகொண்டது. பின்னால் இருப்பவருக்கு அது அறிவிப்பின்றி வருகிறது, காரணமின்றியும் வருகிறது. ஒரே கார், ஒரே குழி. ஒருவருக்குப் பயிற்சி, மற்றவருக்குத் தண்டனை. தேர்ச்சி பெற்ற உடலுக்கும் இதற்கு எல்லையுண்டு. 2022 ஜூனில் அசர்பைஜானின் பக்கு நகரில் நடந்த போர்முலா வன் ஓட்டத்தின் முடிவில், ஏழு தடவை உலக சம்பியனான லூயிஸ் ஹமில்டன் முதுகு வலியால் காரிலிருந்து இறங்கவே சிரமப்பட்டதை உலகம் பார்த்தது. நிலத்தோடு ஒட்டிக் கடினமாக ஓடிய அந்த வருடத்துக் கார்களின் குலுக்கமே காரணம். ஓட்டுநர்கள் தாமாக விரும்பி ஏறியவர்கள்தான். என்றாலும் அவர்களது உடல் நலத்துக்காகச் சர்வதேச சம்மேளனம் தலையிட்டது. விரும்பி ஏறியவருக்கே அப்படியென்றால், எழுபத்தெட்டு வயதில், பேரன் கூப்பிட்டான் என்பதற்காக ஏறியவருக்கு?

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. இஷாத் தொழுகையில் சூரா பகராவை ஓதி நீட்டினார்கள். பகல் முழுவதும் ஒட்டகங்களோடு பாடுபட்டுக் களைத்து வந்த ஒரு மனிதர், தாங்க முடியாமல் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போனார். நபி (ஸல்) அவர்கள் கோபித்தது விலகிப் போனவரையல்ல, முஆதை. மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறீரா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். இமாமாக நிற்பவர் தொழுகையை இலேசாக்க வேண்டும், பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருக்கிறார்கள், தனியே தொழுதால் விரும்பிய அளவு நீட்டிக்கொள்ளலாம் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வரும் வழிகாட்டல். இங்கே குர்ஆன் ஓதுவது குறையாகச் சொல்லப்படவில்லை. முஆதின் இபாதத்தும் குறையாகச் சொல்லப்படவில்லை. பின்னால் யார் நிற்கிறார் என்பதை மறந்ததே குறையாயிற்று.

மற்றொரு சம்பவம் இன்னும் நேரடியாக வாகனத்தைப் பற்றியதே. பிரயாணமொன்றில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் இனிமையாகப் பாடி விரைவாக ஓட்டினார். நபியவர்கள் அவரை மெதுவாகப் போகச் சொன்னார்கள். ஏறியிருப்பவர்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டார்கள். இதனைப் பல தடவை வாசித்திருக்கிறேன். அழகிய உவமை என்று வியந்து கடந்திருக்கிறேன். அது ஓட்டுநருக்கான சட்டம் என்பது உம்மா கட்டிலில் கிடந்த மூன்று நாட்களில்தான் உறைத்தது.

கார் என்ற எல்லையை இங்கே சற்றுத் தாண்ட வேண்டியிருக்கிறது. வாப்பா தனக்கென்று தெரிவு செய்த கண்டிப்பை வீட்டின் சட்டமாக்குகிறார். பள்ளி நிர்வாகம் தனக்கு இயலுமான ஒழுங்கை ஜமாஅத்தின் மேல் ஏற்றுகிறது. எழுதுகிறவன் தன் நேர்மைக்கென்று எழுதும் ஒரு வரி, அதில் தன்னை அடையாளம் காணும் அயலவரின் முதுகில் இறங்குகிறது. இவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்கள். அதனால் குழி எங்கே வருமென்று அவர்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பின் 'கடும்போக்கு' என்ற சொல் இந்நாட்டில் எம் எல்லோர் மீதும் வேறுபாடின்றி வீசப்பட்டது. அதன் ஒரு விளைவு, எமக்குள் இருக்கும் கடினத்தைப் பற்றி நாமே அமைதியாகப் பேச முடியாமல் போனது. பேசினால் எதிரிக்கு வாய் கொடுத்ததாகிவிடும் என்ற அச்சம். ஆனால் வெளியார் அந்தச் சொல்லைத் தவறாகப் பாவித்தார்கள் என்பதற்காக, பின் ஆசனத்தில் இருப்பவரின் முதுகு நோகாமல் இருக்கப் போவதில்லை.

அப்படியானால் மென்மை எப்போதும் சரியா? அதுவும் இல்லை. ஷொக் எப்சோபர் பழுதான பழைய வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். அது குழியை மென்மையாகத்தான் கடக்கும். ஆனால் கடந்த பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். கடுகண்ணாவை வளைவில் அந்த ஆட்டம் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங்கின் விட்டுக்கொடுப்பு இரக்கமாவது, அதனை ஓரிடத்தில் நிறுத்தும் ஒன்று கூட இருப்பதனால்தான். எல்லாவற்றுக்கும் ஆமென்று சொல்லும் வீடும் நிலத்தைப் பிடித்திருப்பதில்லை.

உம்மாவின் பதிலையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன். "நல்லாத்தான் ஈக்கி" என்பது அன்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு பேரனிடமிருந்து ஒன்றை மறைத்தது. உள்ளதைச் சொல்லும் கார் தன்னிடம் இருப்பதாக நம்பிய அவனுக்கு, உள்ளதைச் சொல்லும் ஒரு மனிதர் அன்று கிடைக்கவில்லை. முன் ஆசனத்தில் இருந்த நான் திரும்பியாவது பார்த்திருக்கலாம். நான் வளைவுகளை ரசித்துக்கொண்டிருந்தேன். சொல்லாதவர் ஒருவர், கேட்காதவர் ஒருவர், அறியாதவர் ஒருவர். மூவரும் ஒருவரையொருவர் நேசித்தவர்கள். குடும்பங்களில் அநீதி அநேகமாக இப்படித்தான் நடக்கிறது.

சில வாரங்களுக்குப் பின் மருமகன் வந்து, ஷொக் எப்சோபரின் குமிழைத் திருப்பி எட்டு 'கிளிக்' இலேசாக்கிவிட்டதாகச் சொன்னான். எங்கள் ஊர் கராஜ் பாஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். குமிழ் ஷொக்கை மட்டுமே மாற்றும், ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்தான், கடினமான ஸ்பிரிங்கின் மேல் ஷொக்கை அதிகம் இலேசாக்கினால் வண்டி கூடுதலாகத் துள்ளும் என்றார். சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் தணிக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். "வேற ஸ்பிரிங் ஒரு செட் எடுங்க. ரேஸுக்கு முதல்நாள் இத மாத்திக்கொள்ளலாம். அரை நாள் வேல" என்பது பாஸின் யோசனை. அவன் காசுக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று அஸருக்குப் பின் நான் அவனுடைய காரில் பின் ஆசனத்தில் ஏறினேன். அம்பேபுஸ்ஸ வரை ஓட்டச் சொன்னேன். சிறிய தூரம்தான். இரண்டாவது குழியிலேயே என் கைகள் தாமாகப் போய் முன் ஆசனத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டன. பாதி வழியில் அவன் கண்ணாடியில் பார்த்து, "எப்பிடி மாமா?" என்றான். உம்மா சொன்ன அதே பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "நோகுது மகன்" என்றேன்.

அம்பேபுஸ்ஸவில் வண்டியை ஓரமாக நிறுத்தினான். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சாவியை என்னிடம் நீட்டி, "நீங்க ஓட்டுங்க மாமா. நான் பின்னால வாறன்" என்றான்.

அந்தக் காரை ஓட்டுவது எனக்கு அதுவே முதல் தடவை. மெதுவாகத்தான் ஓட்டினேன். என்றாலும் எல்லாக் குழிகளையும் தவிர்க்க முடியவில்லை. வரக்காப்பொல கடைத்தெரு வரும் வரை அவன் வாய் திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். என் ஆசனத்தின் முதுகை அவன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.